குருவி வராத புது வீடு

பூந்தோட்ட வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கு,

போன கிழமை உங்களில் சிலர் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். கத்தரி தீட்டும் விதம் கேட்டீர்கள், ரோஜாவுக்கு எரு வைக்கும் பருவம் கேட்டீர்கள், எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். புறப்படும்போது உங்களில் ஒருவர் என் வாசலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஐயா, இந்த மூலைய கொஞ்சம் துப்புரவு பண்ணிக் குடுத்துட்டுப் போகவா?" என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். அவர் துப்புரவு பண்ண நினைத்த மூலையில் ஒரு தையல்சிட்டு இலைகளை ஒட்டித் தைத்து அதற்குள் உட்கார்ந்திருந்தது. நான் அவருடைய கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் இன்னொரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

நீங்கள் போனபிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. வெட்டுவதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினோம், வெட்டாமல் விடுவதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுத்து கொஞ்சம் வளவளவென்று இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், வயதானவனுக்கு அதுவும் ஒரு உரிமை.

நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். தேயிலையில் கை வைக்காமல் பூச்செடியில் கை வைத்ததற்கு என் சொந்தக்காரர்கள் கேலி செய்யாத நாள் கிடையாது. கண்டியில் ஒரு பெரிய பூந்தோட்டத்தில் எடுபிடியாகச் சேர்ந்தேன். அங்கே எங்களுக்குத் தலைவராக இருந்தவரை எல்லோரும் பெரியவர் என்றுதான் சொல்வோம். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த மரத்தை வெட்டச் சொன்னாலும் முதலில் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு மரத்தை ஒரு சுற்றுச் சுற்றுவார். கோயில் பிரகாரம் சுற்றுகிறார் என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். ஒருநாள் சிரித்து மாட்டிக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. "கைய முன்னால வச்சா எதையாச்சும் வெட்டணும்னு அரிக்கும்டா, அதான் பின்னால கட்டிக்கிறேன்," என்றார். அதை அப்போது நான் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் அம்பிட்டியப் பக்கம் புது வீடுகள் கிளம்பின. டவுன் வியாபாரிகள், பெரிய உத்தியோகத்தர், கோர்ட்டில் வாதாடும் பிரக்டர்மார் எல்லோரும் சரிவில் காணி வாங்கி வீடு கட்டினார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பூந்தோட்டம் வேண்டும். வாசலில் வரிசையாகக் குரோட்டன், சுவர் மாதிரி வெட்டிய வேலி, நடுவே ஈர்க்குமாற்றுக் கோடு விழுந்த செம்மண் தரை. ஒரு காய்ந்த இலை விழுந்தால் வீட்டுக்காரரின் மானம் போய்விடும். நான் அப்போது சில ஆட்களை வைத்துக்கொண்டு வீடு வீடாக இந்த வேலை செய்துவந்தேன். ஆட்களை மேய்ப்பவன் என்பதால் எனக்குக் கங்காணி என்று பெயர் விழுந்துவிட்டது.

அப்படி ஒருநாள் ஒரு முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். கண்டிக் கடைவீதியில் அரிசிக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரிய மனிதர். தொப்பியும் கோட்டுமாக வாசலிலேயே நின்றிருந்தார். வீடு புத்தம் புதிது. ஹாலின் நடுவே, கொழும்பிலிருந்து இறக்கிய கண்ணாடித் தூக்குவிளக்கு ஒன்று தொங்கியது, குடம் குடமாகக் கண்ணாடிக் கிண்ணங்களோடு. மகள் கலியாணத்தன்று மாப்பிள்ளை உள்ளே கால் வைக்கும்போதுதான் அதை முதன்முதலாகக் கொளுத்துவது என்று வைத்திருந்தார். அந்த விளக்கைக் காட்டி முடித்த பிறகுதான் என்னைக் கூப்பிட்ட காரணத்துக்கே வந்தார்.

"கங்காணி, ஒங்களால குருவி கொண்டுவர ஏலுமா?"

என் தொழிலில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. விரட்டச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள். "என்னங்க மொதலாளி, வெளங்கலைங்களே," என்றேன்.

அவர் என்னை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய்ச் சொன்னார். அதுவரை அவர்கள் குடியிருந்தது கடைக்கு மேலே உள்ள மாடி வீட்டில். அந்த வீதியில் கடைக்காரர்கள் கூரை இறவாணத்தில் மண்சட்டி கட்டித் தொங்கவிடுவார்கள். சட்டியில் ஒரு துளை இருக்கும். ஊர்க்குருவி அதற்குள் கூடு வைத்தால் அந்த வீட்டுக்குப் பரக்கத், ஆண்டவன் அருள், என்று நம்பிக்கை. நம்முடைய ஆட்களும் சிங்கள ஆட்களும்கூட அப்படித்தான் கட்டுவார்கள். முதலாளி புது வீட்டுக்குக் கதவு மாட்டும் முன்பே சட்டி கட்டிவிட்டார். குடிவந்து பல மாதங்களாகியும் ஒரு குருவி எட்டிப் பார்க்கவில்லை.

"எங்கட ஊட்டுல அவக்கு அது மனசுல பட்டுப் போச்சி," என்றார். மனைவியைத்தான் சொன்னார். "பெட்டகத்த இன்னும் தொறந்து சாமான் எடுத்து வெக்கல்ல. மாடி ஊட்டுப் பூட்டுத் தொறப்ப சீலைத் தலப்புல முடிஞ்சே வெச்சீக்கிறா. வெள்ளிக்கெழம கூட்டிப் பெருக்கணும்ண்டு போறா, வர ஞாயித்துக்கெழம ஆகுது. இப்ப கலியாணத்தயும் அங்கயே வெப்போம்ண்டு செல்லுறா."

"நீங்க என்னங்க சொன்னீங்க?"

"நான் என்னத்தச் செல்ல? இந்த ஊட்டக் கட்டினதே அந்தக் கலியாணத்துக்குத்தான்." சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய வீட்டைக் கட்டிவிட்டு அந்த மனிதர் வாசலில் விருந்தாளி மாதிரி நின்றதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

சரி என்று ஏற்றுக்கொண்டேன். தம்பிமாரே, அப்போது எனக்குக் குருவியைப் பற்றித் தெரிந்தது அந்த முதலாளிக்குத் தெரிந்த அளவுதான். சட்டியின் துளை கிழக்கே பார்க்கட்டும் என்று திருப்பிக் கட்டினேன். மழை விழுகிறதோ என்று உள்ளே தள்ளிக் கட்டினேன். கீழே அரிசி தூவினேன், காகமும் அணிலும் வந்து சாப்பிட்டு எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போயின. மறுபடியும் ஏணியைச் சாய்த்து ஏறியபோது ஹால் ஜன்னலின் திரைக்கு உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"தம்பி, அந்தச் சட்டிய இன்னும் எத்தின தரம் மாத்திக் கட்டப் போறீங்க?"

முதலாளியின் மனைவி. வீட்டில் எல்லோரும் உம்மா என்று கூப்பிடுவதைக் கேட்டு நானும் உம்மா என்றே சொல்லிவந்தேன். அந்தக் காலத்தில் அந்த மாதிரிக் குடும்பத்துப் பெண்கள் வெளி ஆண்களுக்கு முன்னால் வர மாட்டார்கள். பேச வேண்டியிருந்தால் திரைக்குப் பின்னாலிருந்து பேசுவார்கள், நாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். நான் ஏணியிலிருந்து இறங்கி, எதிரே இருந்த குரோட்டனைப் பார்த்துக்கொண்டு மரியாதையாக நின்றேன்.

"குருவி வரணும்னு தாங்க உம்மா."

"அங்க குருவி வந்தது சட்டிக்கில்ல. கடையில மூட்ட எறக்கக்குள்ள அரிசி சிந்தும். சனம் நடமாடும், வண்டி மாடு நிக்கும், அதுக்கு வந்திச்சி. இங்க என்னத்த ஈக்கி? நானும் அந்த வெளக்கும்தான்."

"இத மொதலாளிகிட்ட சொல்லலைங்களா?"

"சென்னா இன்னும் ரெண்டு சட்டி வாங்கிட்டு வந்து கட்டுவாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். பிறகு, என்னவோ தோன்றி, "உம்மா, அந்த ஜன்னல்ல இருந்து பார்த்தா என்னங்க தெரியுது?" என்று கேட்டேன்.

"குரோட்டன் தெரியுது. அதுக்கு அங்கால சொவர் தெரியுது." பிறகு அவரே தொடர்ந்தார். "மாடியில ஜன்னல் கிட்ட கதிரையப் போட்டு ஒக்காந்தா முழுத் தெருவும் தெரியும். ஆரு வாரா, ஆரு போறா, ஆரு சண்ட பிடிக்கிறா. குருவி கைக்கெட்டுற தூரத்துல வந்து ஒக்காரும்."

அன்றைக்கு நான் ஏணியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பெரியவர் மாதிரி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு அந்த வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினேன். என் ஆட்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்திருப்பார்கள். சுற்றி முடித்து அந்த ஜன்னலுக்கு நேராக நின்றபோது எனக்கு உறைத்தது. அதுவரை நான் போட்ட பூந்தோட்டம் எல்லாம் கேட்டில் நின்று பார்ப்பவனுக்காகப் போட்டது. தெருவில் போகிறவன் ஒரு நிமிடம் பார்த்து வாயைப் பிளந்துவிட்டுப் போய்விடுவான். உள்ளே இருக்கிறவர் காலை முதல் பொழுது சாயும் வரை பார்க்க வேண்டியது என் குரோட்டனின் முதுகை. உங்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் பாடம் இதுதான். வேலை தொடங்கும் முன் அந்த வீட்டு ஆட்கள் எங்கே உட்காருவார்கள் என்று கேளுங்கள்.

வேலையைத் தொடங்கினேன். ஜன்னலுக்கு எதிரே இருந்த குரோட்டனைப் பிடுங்கிவிட்டு மருதோன்றி வைத்தேன். ஏன் மருதோன்றி என்று கேட்பீர்கள். கலியாணப் பெண் இருக்கும் வீட்டில் எந்தப் பெரிய மனிதரும் வெட்டச் சொல்லாத செடி அது ஒன்றுதான், அதனால் அடர்ந்து புதராகும் வரை எனக்குக் காவல் தேவையில்லை. சமைக்கும் குசினிப் பக்கம் இருந்த கறிவேப்பிலையை இலைக்காக ஒடித்து ஒடித்துக் குட்டையாக்கி வைத்திருந்தார்கள். ஒரு பக்கத்தை மட்டும் ஒடிக்காமல் விடச் சொன்னேன். அதன் கறுத்த பழம் என்றால் கொண்டைக்குருவி உயிரை விடும். கொய்யாவின் பட்ட கிளையை அப்படியே விட்டேன். வேலியோரம் ஒரு மூலையில் ஈர்க்குமாறு போகக்கூடாது என்று கட்டளை போட்டேன்.

வீட்டு வேலைக்காரப் பெண்களுக்கு அந்த மூலையைப் பார்க்கப் பார்க்கக் கை அரித்தது. முதலாளி ஒருநாள் கடையிலிருந்து பொழுதிருக்கவே வந்து பார்த்துவிட்டார்.

"கங்காணி, நான் குருவி கேட்டா நீங்க குப்ப போட்டு வெச்சீக்கிறீங்களே."

"மொதலாளி, கடையில சரக்கு இல்லாம வாசல்ல போர்டு மட்டும் மாட்டுனா ஆளு வருவாங்களா?"

"எப்பிடி வருவாங்க?"

"அந்தச் சட்டிதாங்க போர்டு. இந்தக் குப்பையில இருக்கிற பூச்சியும் புழுவும்தாங்க சரக்கு."

அவர் ஈர்க்குமாறு படாத அந்த மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப நல்ல சரக்குத்தான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வியாபாரியிடம் வியாபாரப் பேச்சுப் பேசினால் பாதி வேலை முடிந்தது.

தண்ணீருக்கு ஒரு உடைந்த ஆட்டுக்கல் கிடைத்தது. அதன் குழி ஒரு குருவி இறங்கிக் குளிக்கச் சரியாக இருந்தது. அதைக் கொண்டுபோய் நடு முற்றத்தில் வைக்காமல் ஜன்னலுக்கு நேர் கீழே வைத்தேன், உள்ளிருந்தே கையை நீட்டி நிரப்பும்படியாக. கொசுக் காய்ச்சல் பரவிய காலத்தில் தேங்கிய தண்ணீரைத் தேடி வீடு வீடாக வந்த சுகாதார உத்தியோகத்தர் ஆட்டுக்கல்லைப் பார்த்ததும் கண்ணை உருட்டினார். நேற்றைய தண்ணீர் ஒரு சொட்டும் அதில் இல்லை. தினமும் விடிந்ததும் உம்மா தடியால் பழைய தண்ணீரைக் கலக்கித் தள்ளிவிட்டுக் கேத்தலால் புதுத் தண்ணீர் ஊற்றுவார். அந்த வேலையை அவர் வேறு யாருக்கும் விடவில்லை. நீங்களும் எங்கே தண்ணீர் வைத்தாலும், அதைத் தினமும் மாற்ற ஓர் ஆள் இருந்தால் மட்டும் வையுங்கள், இல்லாவிட்டால் வைக்காதீர்கள்.

முதலில் தேன்சிட்டு வந்தது. பிறகு சிங்களத்தில் பொல்கிச்சா என்று சொல்லும் கறுப்பு வெள்ளைக் குருவி கொய்யாவின் பட்ட கிளையில் உட்கார்ந்து பாடத் தொடங்கியது. தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று சருகைக் கிளறிக்கொண்டு நாள் முழுதும் சண்டை பிடித்தது. நான் வேலைக்குப் போகும்போதெல்லாம் திரைக்குப் பின்னாலிருந்து செய்தி வரும்.

"தம்பி, இன்டைக்கி பொல்கிச்சா விடியச் சொல்லுற சுபஹு பாங்குக்கு முன்னமே எழும்பிட்டான்."

"அப்பிடிங்களா உம்மா."

"அந்தத் தவிட்டுக்குருவி ஈக்கே, எல்லாம் எங்கட தெருக் கடைக்காரங்கதான். ஒருத்தன் கத்தினா என்ன ஏதுண்டு கேக்காம எல்லாரும் கத்துறாங்க."

எனக்கு உச்சி குளிர்ந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமை வந்தால் திருக்கல் என்னும் ஒற்றை மாட்டு வண்டி வாசலில் நிற்கும், உம்மா டவுனுக்குப் போய்விடுவார். பெட்டகம் பூட்டியே இருந்தது. பூந்தோட்டம் நன்றாக இருக்கிறது என்று சொல்வது வேறு, இது என் வீடு என்று சொல்வது வேறு என்பது எனக்கு அப்போது நன்றாகவே புரிந்தது. கலியாணமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் உம்மாவின் தம்பி ஒரு யோசனையோடு வந்து இறங்கினார். அவரும் கடையில் இருப்பவர், எப்போதும் சிரித்த முகம், எந்த வேலையையும் குறுக்கு வழியில் முடிக்கப் பார்ப்பவர். துணி மூடிய பிரம்புக்கூடை ஒன்றைக் கையில் வைத்திருந்தார். உள்ளே கீச்கீச் என்று சத்தம் கேட்டது.

"மாடி ஊட்டுச் சட்டியில ஈந்த குருவிங்கதான். தாத்தாக்கு இதுகள நல்லாப் பழக்கம். இங்கயே விட்டா முடிஞ்சிச்சே," என்றார். தாத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா; ஈந்த, ஈக்கி என்றால் இருந்த, இருக்கு. முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜன்னலுக்கு எதிரே விடலாம் என்று இடம்கூடப் பார்த்துவிட்டார்.

நான் இடையில் புகுந்தேன். "மொதலாளி, அதுங்க நிக்காதுங்க. நம்ம வீட்டுக் கோழியே வேற வீட்டுல கொண்டுபோய் விட்டா ராவுக்கு நம்ம கூண்டுக்குத்தாங்க வரும்."

"கங்காணி, அதெல்லாம் ஒண்டுமில்ல, சந்தோசமா ஈந்தா நிக்கும்," என்று தம்பியார் துணியை எடுத்தார்.

குருவிகள் வெளியே வந்தன. கூரை விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து இப்படியும் அப்படியும் பார்த்தன. முதலாளி மூச்சுவிடாமல் நின்றார். பிறகு அவை ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிப் பள்ளத்தாக்கில் இறங்கி நேரே டவுன் பக்கம் போய்விட்டன. திரைக்குப் பின்னால் உம்மா சிரிக்கத் தொடங்கினார், விழுந்து விழுந்து சிரித்தார்.

"அதுகளக் கொற செல்லாதீங்க. நான் செய்யுறதத்தான் அதுகளும் செய்யுது. அதுகளுக்குத் திருக்கலும் வேணாம்."

எல்லோரும் சிரித்தோம். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. அன்று மாலை கேட்டுவரை என்னோடு நடந்து வந்தார். "கங்காணி, நீங்க நல்லாத்தான் செஞ்சீங்க. குருவி வந்திச்சி, அவ வரல்ல," என்றார். சும்மா கூட நின்றேன்.

சில நாள் கழித்து என்னுடைய உயர ஏணியைக் கொண்டுவரச் சொல்லி ஆள் வந்தது. போனேன். ஹாலில் முதலாளியும் தம்பியாரும் நின்றிருந்தார்கள். வைக்கோல் நிரப்பிய பெரிய மரப்பெட்டி ஒன்று தரையில் திறந்து கிடந்தது.

"அவட ஆசப்படி மாடி ஊட்டுலயே கலியாணத்த வெப்போம்ண்டு தீர்மானிச்சிட்டேன்," என்றார் முதலாளி, என் முகத்தைப் பார்க்காமல். "அவக்கு இன்னும் செல்லல்ல. வெளக்க அங்க கொண்டுபோய்க் கட்டிட்டுக் காட்டினா சந்தோசப்படுவா. பக்குவமாக் கழட்டுங்க."

மனிதர் தோற்றுப்போய்விட்டார், தோற்றதையும் மனைவிக்குப் பரிசாகக் கொடுக்கப் பார்க்கிறார். ஏணியை மேல் உத்தரத்தில் சாய்த்து ஏறினேன். தம்பியார் கீழே பிடித்துக்கொண்டார்.

கொக்கியில் கை வைக்கப் போகும்போது நடுக் கிண்ணத்துக்குள்ளிருந்து ஒரு கண் என்னைப் பார்த்தது. கறுத்த தலை, சிலிர்த்த கொண்டை, வாலடியில் சிவப்பு. வேரும் நாரும் பின்னிய சின்னக் கூட்டில் கொண்டைக்குருவி அடைகாத்துக்கொண்டிருந்தது. நான் ஒரு முழத் தூரத்தில் நின்றும் அது எழும்பவில்லை. கூட்டுக்குள் சீலை நூல்களும் இருந்தன, நல்ல பட்டு நூல்கள். அந்த வீட்டில் யாரோ ஜன்னல் படியில் அவற்றைப் போட்டு வைத்திருக்கிறார்கள். திரும்பிப் பார்த்தேன். ஹால் ஜன்னலின் ஒரு கதவு, குருவி நுழையும் அளவுக்குத் திறந்து, ஆடாமல் நூலால் கட்டப்பட்டிருந்தது.

"என்ன கங்காணி, கொக்கி துருப்பிடிச்சீக்கா?" என்று கீழேயிருந்து முதலாளி கேட்டார்.

ஏணி உச்சியில் நின்றுகொண்டு கையைப் பின்னால் கட்ட முடியாது, விழுந்துவிடுவேன். ஆனால் விளக்கிலிருந்து கையை எடுத்தேன். யோசிக்க எனக்குக் கிடைத்தது ஒரு மூச்சு விடும் நேரம். கூடு இருக்கிறது என்று முதலாளியிடம் சொன்னால், பாவம், அவர் கூட்டைப் பக்குவமாக எடுத்து வெளியே வைக்கச் சொல்வார். அதை எடுத்து வைத்தால் தாய் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. சொல்லாமல் கழற்றினால் அது என் கையால் நடந்ததாகிவிடும். ஜன்னலைத் திறந்து கட்டிய ஆள் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. இதைப் பேச வேண்டியவர் அவர்தான், நான் இல்லை.

"மொதலாளி, உம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுக் கழட்டுறேங்க," என்றேன், ஹாலுக்கு அப்பாலும் கேட்கும்படியாக.

"அவகிட்ட செல்ல வேணாம்ண்டுதானே..." என்று அவர் தொடங்கும்போதே உள்கதவின் திரை ஆடியது.

"வெளக்கக் கழட்ட வேணாம்," என்றது உம்மாவின் குரல்.

"இல்ல, நீ ஆசப்பட்டபடி டவுனுல வெச்சி..."

"டவுனுல என்னத்துக்கு? கலியாணம் இங்கதான்."

தம்பியார் ஏணியை விட்டுவிட்டார். நான் விளக்குச் சங்கிலியைப் பிடிக்கப் போய், குருவியை நினைத்து உத்தரத்தைப் பிடித்தேன். முதலாளி திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இங்கயா? அப்ப வெளக்கு..."

"வெளக்கு இங்கயும் கொளுத்த வேணாம். அதுக்குள்ள ஆள் ஈக்கி." குரல் கொஞ்சம் தடுமாறியது. "எனக்கு ஒரு கெழமையாத் தெரியும். கண்ணூறு பட்டுடும்ண்டுதான் ஒருத்தருக்கும் செல்லல்ல. அவளா தேடி எங்கட ஊட்டுக்குள்ள வந்தீக்கிறா. முட்டையோட ஈக்கிறவள வெளிய போட்டுட்டு எங்கட புள்ளைய எப்பிடி வாழவெக்க?"

முதலாளியின் முகம் முதலில் தொங்கிப்போனது, விளக்கு போயிற்றே என்று. பிறகுதான் உம்மா "எங்கட ஊட்டுக்குள்ள" என்று சொன்னது அவருக்கு எட்டியது. கதிரையில் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்று மெதுவாகச் சொன்னார். அவருடைய கண் கலங்கியிருந்தது. நான் ஏணியை எடுத்துக்கொண்டு பின்வழியாக நழுவினேன்.

கலியாணம் அந்த வீட்டிலேயே நடந்தது. ஹாலை அடைத்துவிட்டார்கள். பெண்கள் அறைகளிலும் உள்முற்றத்திலும், ஆண்கள் வெளியே பந்தலிலும் இருந்தார்கள். வெளிச்சம் எல்லாம் பந்தலில்தான். மாப்பிள்ளை ஊர்வலமாக வந்தபோது முன்வாசலில் நிறுத்தி, வீட்டைச் சுற்றிக் கறிவேப்பிலை மரத்துக்குக் கீழாகக் குசினிக் கதவால் கூட்டிப்போனார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாளி ஹால் கதவுக்கு முன்னால் நின்று உதட்டில் விரலை வைத்து, "உள்ள ஆள் ஈக்கி, உள்ள ஆள் ஈக்கி," என்று வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். விளக்கைக் காட்டிப் பெருமைப்பட்டதைவிட அதைக் காட்டாமல் இருந்ததில் அவருக்கு அதிகப் பெருமை.

மணமகளின் கையில் என் மருதோன்றி நன்றாகச் சிவந்திருந்தது என்று கேள்விப்பட்டேன். ஒரு பக்கத்துச் செடியை மொட்டையடித்துவிட்டார்கள், போகட்டும், அதற்குத்தானே வைத்தேன்.

அதற்குப் பிறகு அந்தச் சாலையில் வீட்டுக்கு வீடு என்னைக் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் விளக்கில் குருவி வேண்டும். முடியாது என்றேன். விளக்கில் கூடு வைக்க வைத்தவன் நான் இல்லை. தின்ன, குடிக்க, ஒளிய இடம் விடலாம், ஒரு ஜன்னலைத் திறந்து வைக்கலாம், நம்மால் ஆனது அவ்வளவுதான். சிலர் கேட்டார்கள், சிலர் என்னை விட்டுவிட்டு வேறு கங்காணியைப் பிடித்தார்கள். ஆனால் அந்தச் சரிவில் ஈர்க்குமாறு போகாத மூலைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிவந்தன. சுவருக்குச் சுவர் கொண்டைக்குருவி குடும்பம் நடத்தியது. தம்பிமாரே, உங்கள் வேலையை ஒரு வீட்டோடு முடித்துவிடாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரரிடமும் பேசுங்கள். குருவிக்கு நம்முடைய வேலி எல்லாம் தெரியாது.

இனி கடைசியாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

குஞ்சுகள் பறந்துபோன பிறகு விளக்கைத் துடைக்க என்னைக் கூப்பிட்டார்கள். ஏணியில் நின்று வெறுங்கூட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். ஹாலின் ஓரத்தில் பெட்டகம் திறந்து கிடந்தது. கோப்பைகளும் சீலைகளும் அலுமாரிக்குப் போய்க்கொண்டிருந்தன. அன்று வெள்ளிக்கிழமை. உம்மாவின் தம்பி வழக்கம்போல் திருக்கல் வண்டியோடு வந்து, "தாத்தா, வண்டி வந்தீக்கி," என்று வாசலில் நின்று கூப்பிட்டார்.

திரைக்கு வெளியே ஒரு கை நீண்டது. சீலைத் தலைப்பில் முடிந்தே இருந்த அந்த மாடி வீட்டுச் சாவி அதில் இருந்தது.

"இந்தா, மாடி ஊட்ட ஆருக்காச்சும் வாடகைக்குக் குடு," என்றார் உம்மா. "வாறவங்ககிட்ட செல்லிப் போடு, எறவாணத்துல ஈக்கிற சட்டிகள மட்டும் கழட்ட வேணாம்ண்டு. அதுல ஆள் ஈக்கி."